கார்கள் போய்விட்ட பந்தயச் சாலை: ரேன்ஸ்–க்யோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பிரான்சில் பந்தயக் களம் ஒன்றைப் பார்க்க ஆசை என்றால் எல்லோரும் லெ மானைத்தான் சொல்வார்கள். நல்ல இடம்தான். ஆனால் டிக்கெட், கூட்டம், கூடாரம், ஒரு வருடம் முன்பே போட வேண்டிய திட்டம் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். பாரிஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஒரு களம் இருக்கிறது. அதற்கு வாசல் கதவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ரேன்ஸ் நகருக்கு மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில், சாதாரண மாவட்டச் சாலை ஒன்றின் ஓரத்தில் பிட் கட்டடமும் (பந்தயத்தின் நடுவே கார்கள் நின்று பெட்ரோல் நிரப்பும் இடம்) பார்வையாளர் ஸ்டாண்டும் அப்படியே நிற்கின்றன. 1950-களின் பந்தய சாம்பியன்கள் ஃபாஞ்சியோவும் ஹாதார்னும் சக்கரத்தோடு சக்கரமாக ஓட்டிய சாலையில் இன்று டிராக்டர் போகிறது.

அரை நாள் போதும். ஆனால் அந்த அரை நாளை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம். பெரும்பாலானவர்கள் பிட் முன்னால் வண்டியை நிறுத்தி, நாலு படம் எடுத்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அது பெயின்ட் அடித்த பழைய கட்டடம், அவ்வளவுதான். சுற்றின் வடிவத்தைப் புரிந்துகொண்டு, பந்தயம் முடிவான வளைவிலிருந்து நடந்து வந்தால் அதே கட்டடம் வேறு மாதிரித் தெரியும்.

கிளம்பும் முன்: ஒரு முக்கோணம்

முதலில் பெயர். கிராமத்தின் பெயரை வரைபடத்தில் தேட ஜி, யு, இ, யு, எக்ஸ் என்று ஐந்து எழுத்துகளைத் தட்டுங்கள். கிட்டத்தட்ட 'க்யோ' என்றுதான் உச்சரிப்பார்கள்.

வரைபடம் திறந்ததும் ஒரு முக்கோணத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கோடு டி 27 சாலை. கிழக்கே டில்வா என்ற ஊர்ப்பக்கம் தொடங்கி மேற்கே க்யோ வரை போகிறது. கிராமத்திலிருந்து இன்னொரு சாலை வடக்கே ஏறி, ரேன்ஸையும் ஸ்வாசோனையும் இணைக்கும் என் 31 நெடுஞ்சாலையைத் தொடுகிறது. அங்கே வலப்பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை நேராக டில்வாவுக்கு இறங்கி வரும். கடிகாரச் சுற்றில்தான் ஓடினார்கள். எனவே முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வலப்பக்கம்.

1926-இல் இங்கே ஓடத் தொடங்கியபோது கார்கள் க்யோ கிராமத்துக்குள்ளேயே புகுந்து, வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு திரும்பின. அன்றைய சுற்று சுமார் 7.8 கி.மீ. 1952-இல் கிராமத்துக்கு முன்பே வலப்பக்கம் விலகும் ஒரு வேக வளைவைப் போட்டார்கள். அடுத்த வருடம் அந்தப் புதுப் பாதையை முயிஸோன் பக்கம் வரை நீட்டினார்கள். சுற்று சுமார் 8.3 கி.மீ. ஆனது. ஆக, நீங்கள் பார்க்கப்போவது ஒரு களம் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு களங்கள். பழைய முக்கோணத்தை இன்றும் ஓட்டிப் பார்க்கலாம். முயிஸோன் பக்கத்துப் புதுப் பாதை இன்று முழுதாக இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். இந்தச் சுற்று வேகத்துக்காகவே வளர்க்கப்பட்டது. நடத்தியவர்கள் வேகம் கூடுவதற்காக மரங்களை வெட்டினார்கள், வழியில் நின்ற கட்டடங்களை இடித்தார்கள். இரண்டு நீண்ட நேர்சாலைகள், அவற்றின் முடிவில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் தைரியம் கேட்கும் சில வேக வளைவுகள். உலக சாம்பியன்ஷிப்பின் பிரெஞ்சு கிராண்ட் பிரி 1950-க்கும் 1966-க்கும் இடையில் 11 முறை இங்கே நடந்தது. கடைசி முறை வென்ற ஜாக் பிராபமின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 220 கி.மீ. இருபுறமும் வயல் உள்ள ஊர்ச்சாலையில்! தன் பெயரையே தாங்கிய காரில் ஒருவர் உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தை வென்றது அதுதான் முதல்முறை.

போய்ச் சேருவது

பாரிஸின் கார் தெ லெஸ்த் நிலையத்திலிருந்து ரேன்ஸுக்கு டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில ரயில்கள் நகர மையத்து ரேன்ஸ் நிலையத்துக்குப் போகும், சில நகருக்கு வெளியே பெஸானில் உள்ள ஷாம்பெயின்–ஆர்டென் டி.ஜி.வி. நிலையத்தில் நிற்கும். தவறி இரண்டாவதில் இறங்கினாலும் பயப்பட வேண்டாம், அங்கிருந்து நகருக்குள் டிராம் ஓடுகிறது. டாக்சியில் க்யோவுக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது நிலையமே வசதி. விலை நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டி எடுத்தால் குறையும்.

கார் தெ லெஸ்த் என்பது நம்மவர்களுக்கு இன்னொரு விதத்திலும் தோது. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து ஃபோபூர் சன் தெனி வீதியிலேயே நேரே நடந்து வந்தால் நிலையத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். சாப்பாட்டை அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. பந்தயச் சாலையில் கடை கிடையாது, கழிப்பறை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. கிராமத்தில் ஞாயிறு மதியம் எதுவும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ரோல்ஸ், வடை மாதிரி உலர்ந்த அயிட்டம் நல்லது. கொத்து ரொட்டிப் பார்சலைப் பூட்டிய ரயில் பெட்டியில் திறப்பது உங்கள் துணிச்சல்.

ரேன்ஸிலிருந்து மூன்று வழி. சைக்கிள் என்றால் நகர மையத்திலிருந்து க்யோவுக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான், பெரும்பாலும் சமதரை. என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி, சாலையின் லேசான ஏற்ற இறக்கம் காலில் தெரியும். ஆனால் எதிர்க்காற்று இருக்கும் நாளில் திட்டிக்கொண்டுதான் மிதிப்பீர்கள், அந்தச் சமவெளியில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. டாக்சி என்றால் திரும்பி வருவதற்கும் அப்போதே பேசிவிடுங்கள். கிராமத்தில் நின்று கை காட்டினால் நிற்க டாக்சி வராது. சொந்தக் கார் என்றால் பாரிஸிலிருந்து ஏ 4 நெடுஞ்சாலை. சுங்கக் கட்டணம் உண்டு. டான்க்யோ பக்கம் வெளியேறினால் டில்வா அருகிலேயே இருக்கிறது.

எந்த நாள்? மே முதல் செப்டம்பர் வரை, வானம் தெளிந்த நாளின் காலை. டில்வா பக்கமிருந்து மேற்கே பார்த்தால் காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், படம் நன்றாக வரும். ஞாயிறு காலையில் லாரிகள் குறைவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடி வருவதும் வார இறுதியில்தான். போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவரிடம் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்.

முதல் நிறுத்தம்: டில்வா

எல்லோரும் பிட்டில் தொடங்குகிறார்கள். நீங்கள் டில்வாவில் தொடங்குங்கள்.

பார்க்க அங்கே ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சந்திப்பு மாறிப்போய், ரவுண்டானாக்களும் பெரிய கடை வளாகங்களுமாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் வந்த கார்கள் பிரேக்கில் ஏறி நின்று, வலப்பக்கம் கொண்டை ஊசியாகத் திரும்பி, டி 27-இல் விழுந்தன. இங்கிருந்து முடிவுக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நேர்சாலை. அந்த ஒரு துண்டுதான் ரேன்ஸ் பந்தயங்களின் சூட்சுமம்.

விஷயம் இதுதான். வேகமாகப் போகும் கார் தனக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதியை விட்டுப் போகும். பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும். அதே இன்ஜினில் கூடுதல் வேகம் கிடைக்கும். இதைத்தான் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். டில்வாவில் முதலாவதாகத் திரும்புவது பல நேரம் ஆபத்து. இரண்டாவதாகத் திரும்பி, ஒட்டி வந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் வெளியே இழுத்துத் தாண்டுவதுதான் தந்திரம். ஆனால் வளைவிலிருந்து வெளியேறும்போதே பின்தங்கிவிட்டால் தந்திரமும் பலிக்காது.

மூன்று கதைகளை மனதில் வைத்துக்கொண்டு அந்த ரவுண்டானாவைப் பாருங்கள்.

1952 ஜூனில் ஸ்டர்லிங் மாஸ் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப்பில் வென்றார். டிஸ்க் பிரேக் பொருத்திய காருக்குக் கிடைத்த முதல் பந்தய வெற்றி அது. நெடுஞ்சாலையின் உச்ச வேகத்திலிருந்து கொண்டை ஊசிக்கு இறங்க வேண்டிய ஒரு சுற்றில் அது நடந்ததில் வியப்பில்லை. இன்று உங்கள் காரிலும் பைக்கிலும் இருக்கும் வட்டத் தகட்டுக்கு இந்த ஊரோடு ஒரு சொந்தம் உண்டு.

1953 கிராண்ட் பிரி. 24 வயது மைக் ஹாதார்ன் ஃபெராரியில், ஃபாஞ்சியோ மசெராட்டியில். சுற்றுக்குச் சுற்று பக்கம் பக்கமாக வந்தார்கள். கடைசிச் சுற்றில் டில்வாவை விட்டு ஹாதார்ன் முந்தி வெளியே வந்தார். 500 கி.மீ. ஓடிய பிறகு வித்தியாசம் ஒரே வினாடி. ஃபாஞ்சியோவின் காரில் முதல் கியர் போய்விட்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். கொண்டை ஊசியிலிருந்து கிளம்ப வேண்டிய இடத்தில் முதல் கியர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று, சைக்கிளில் வந்திருந்தால் அங்கேயே நின்று மிதித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

1961. கொளுத்தும் வெயில், தார் உருகி ஓடுகிறது. டில்வாவில் ஃபில் ஹில்லின் ஃபெராரி சுழன்று நின்றது, பின்னால் வந்த மாஸ் அதில் மோதினார். ஃபெராரியின் பெரிய பெயர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, மிஞ்சியது ஜியான்கார்லோ பாகெட்டி என்ற புது முகம். அவருக்கு அது முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயம். கடைசிச் சுற்றில் டான் கர்னியின் போர்ஷேவுக்குப் பின்னால் ஒட்டி வந்து, கோட்டுக்கு முன் வெளியே இழுத்து, 0.1 வினாடியில் வென்றார். முதல் பந்தயத்திலேயே வெற்றி என்பது அவருக்குப் பிறகு இன்றுவரை ஃபார்முலா 1-இல் யாருக்கும் வாய்க்கவில்லை.

சரி, இப்போது மேற்கே போங்கள். நடப்பதானால் சாலை ஓரப் புல்லில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி. டி 27 உயிரோடு இருக்கும் சாலை. உள்ளூர்க்காரர்கள் வேகமாகவே வருவார்கள், நீங்கள் வரலாறு பார்க்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிட்டும் ஸ்டாண்டும்

வயல் மட்டுமே இருக்கும் வெளியில் திடீரென்று சாலையின் ஒரு பக்கம் நீண்ட வெள்ளைக் கட்டடம், எதிர்ப்பக்கம் கான்கிரீட் ஸ்டாண்டுகள். நடுவில் தடுப்பு என்று எதுவும் இல்லை. முதலில் கண்ணில் படுவது இதுதான். பிட்டுக்கும் ஓடும் பாதைக்கும் நடுவே சுவர் இல்லை. இன்று நீங்கள் கார் நிறுத்தும் ஓரத்தில்தான் மெக்கானிக்குகள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு நின்றார்கள், கைக்கெட்டும் தூரத்தில் மற்ற கார்கள் பறந்துகொண்டிருந்தன.

1972-இல் களம் மூடப்பட்டது. பணம்தான் காரணம். அதன் பிறகு மழையும் பாசியும் தின்று, சில பகுதிகள் இடிக்கப்பட்டு, போய்விடும் என்றிருந்ததை 2004-இல் உருவான உள்ளூர் ஆர்வலர் சங்கம் ஒன்று கையில் எடுத்தது. சுவர்களில் நீங்கள் பார்க்கும் பழைய எண்ணெய், டயர் கம்பெனி விளம்பர எழுத்துகள் 1960-களின் பெயின்ட் அல்ல. தன்னார்வலர்கள் திரும்ப எழுதியவை. இதில் எனக்குச் சின்ன நெருடல் உண்டு. இவ்வளவு பளிச்சென்று இல்லாமல் கொஞ்சம் விட்டிருக்கலாமோ என்று தோன்றும். ஆனால் அவர்கள் அடிக்காமல் விட்டிருந்தால் பார்க்கச் சுவரே இருந்திருக்காது, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

இங்கே அவசரப்படாமல் செய்ய வேண்டியவை: பிட் அறைகள் ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள், எவ்வளவு சிறியவை என்று தெரியும். இன்றைய ஒரு அணியின் டயர்கூட உள்ளே அடங்காது. பிட்டின் நடுவில் நின்று முதலில் கிழக்கே, டில்வா பக்கம் பாருங்கள். அந்தத் தூரத்தில் புள்ளியாகத் தோன்றும் கார்களில் யார் முன்னால் என்று இங்கிருந்தவர்களுக்குக் கடைசி நொடி வரை தெரியாது. பிறகு மேற்கே திரும்புங்கள். சாலை லேசாக வளைந்து மறைகிறது. அடுத்துப் போக வேண்டியது அங்கே.

வேலி போட்டிருக்கும் இடத்தில் ஏறாதீர்கள். பழைய கான்கிரீட், எந்தப் படி நிற்கும் எது நிற்காது என்று பார்த்தால் தெரியாது. பெயின்டைச் சுரண்டுவது, நினைவுக்கு ஒரு கல் எடுத்துக்கொள்வது எல்லாம் வேண்டவே வேண்டாம். நின்ற இடத்தில் டயரைச் சுழற்றிப் புகை கிளப்பும் ஆட்களும் வருவார்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்களால்தான் ஒருநாள் இந்த இடத்துக்கு வேலி வரும்.

இரவு நேரத்தைக் கற்பனை செய்யவும் ஒரு நிமிடம் ஒதுக்கலாம். 1953 முதல் 1967 வரை இங்கே 12 மணி நேரப் பந்தயமும் பல முறை நடந்தது. அது பெரும்பாலும் நள்ளிரவில் தொடங்கும் பந்தயம். விளக்கில்லாத வயல்வெளி, ஹெட்லைட் மட்டும். கடைசியாக 1967-இல் அதை ஃபோர்டில் வென்ற இருவரில் ஒருவர் கி லிஜியே. பின்னாளில் தன் பெயரிலேயே ஃபார்முலா 1 அணி நடத்தினார்.

வளைவும் கிராமமும்

பிட்டுக்குப் பிறகு வரும் வலப்பக்க வேக வளைவுப் பகுதி, துணிச்சலை அளக்கும் இடமாக இருந்தது. கால் எடுக்காமல் போக முடியுமா என்பதுதான் கேள்வி. 1958 ஜூலையில் ஹாதார்னைத் துரத்திக்கொண்டு வந்த லூயிஜி முஸ்ஸோ, அவருடைய அணித்தோழர்தான், இங்கே சாலையை விட்டு வெளியே பறந்து இறந்தார். அடுத்த வளைவுக்கு ஆனி பூஸ்கேயின் பெயர். பிரெஞ்சுப் பெண் பந்தய வீரர், 1956-இல் 12 மணி நேரப் பந்தயத்தில் இதே சுற்றில் உயிரிழந்தவர்.

1958-ஐப் பற்றி இன்னொரு விஷயம். ஃபாஞ்சியோ கடைசியாக ஓட்டிய கிராண்ட் பிரி அதுதான். நான்காவதாக வந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஹாதார்ன், ஒரு சுற்று முழுதாக அவரைத் தாண்டிவிடக் கூடாது என்று வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே வந்தார் என்பார்கள். ஐந்து வருடம் முன்பு இதே சாலையில் அவரை ஒரு வினாடியில் தோற்கடித்தவர்.

வளைவைப் பார்த்துவிட்டு நேரே க்யோவுக்குள் போங்கள். கிராமம் சின்னது, அமைதியானது, சுற்றிலும் திராட்சைத் தோட்டச் சரிவுகள். 1951 வரை கார்கள் திரும்பிய தெருவில் நின்று அகலத்தைப் பாருங்கள். இங்கே 1932-இல் இத்தாலியப் பந்தய வீரர் நுவோலாரி ஆல்ஃபா ரோமியோவில் வந்து திரும்பியிருக்கிறார். வீட்டுக்காரர்களின் வாசலில் நின்று படம் எடுப்பதைத் தவிருங்கள், மதிய நேரத்தில் சத்தமும் வேண்டாம்.

வண்டியில் ஒரு சுற்று

கார் இருந்தால் நடந்து பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள், முதலில் அல்ல. பிட்டிலிருந்து மேற்கே கிளம்பி, கிராமத்துக்குள் புகுந்து, வடக்கே ஏறி, என் 31-ஐப் பிடித்து, கிழக்கே டில்வாவுக்கு இறங்கி, மறுபடி டி 27. பழைய முக்கோணம் கிட்டத்தட்ட முழுதாக வந்துவிடும். ரவுண்டானாக்கள் குறுக்கே வரும், அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். என் 31 லாரிகள் விரையும் சாலை, நடுவில் வேகம் குறைத்து வேடிக்கை பார்க்கும் இடமல்ல. சைக்கிள்காரர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். வந்த வழியே திரும்புவது மேல்.

போர்டில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். பிரான்சில் வேகக் கேமராக்கள் ஏராளம். வாடகைக் கார் என்றால் அபராதத்தோடு கம்பெனியின் கட்டணமும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

1954-இல் ஃபாஞ்சியோ மெர்செடிஸில் இந்தச் சுற்றைத் தகுதிச் சுற்றில் மணிக்குச் சராசரி 200 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம். ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சட்டப்படியான வேகத்தில் உங்கள் சுற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

மீதி நாள்

மதியத்துக்குள் ரேன்ஸுக்குத் திரும்பிவிடலாம். அங்கே தேவாலயத்தை விடக் கூடாது. பிரான்சின் மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட இடம், வாசலில் சிரிக்கும் தேவதைச் சிலை. 1945 மே 7 அதிகாலையில் ஜெர்மனி சரணடைவதாகக் கையெழுத்திட்ட அறையும் இந்த ஊரில்தான் இருக்கிறது, இன்று அருங்காட்சியகம். கார் ஆர்வம் அடங்கவில்லை என்றால் நகரிலேயே ஒரு மோட்டார் அருங்காட்சியகம் உண்டு. இந்த இரண்டுக்கும் வார விடுமுறை நாள் எது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஷாம்பெயின் நிலவறைகளும் இருக்கின்றன. 1950-இல் இங்கே வென்ற ஃபாஞ்சியோவுக்குப் பெரிய ஷாம்பெயின் பாட்டில் ஒன்றைக் கொடுத்ததிலிருந்துதான் பந்தய மேடைக்கு அது வந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நிலவறைக்கு முன்பதிவு தேவை, கீழே குளிரும், ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டி வந்திருந்தால் சுவைப்பது உங்களுக்கு இல்லை. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதே எல்லை, புது உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2 மட்டும். ரயிலில் வந்தவர்கள் கடைசி டி.ஜி.வி. எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.